ரூஸ்வெல்ட்டின் மூன்று ரிவால்வர்கள்: எதற்குப் பணம் கொடுப்பது?

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு ரிவால்வர்கள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் குழலின் முனையிலிருந்து கைப்பிடி வரை கொடிக்கருக்கு, அதாவது கொடிபோல் சுருண்டோடும் செதுக்கல், ஓடுகிறது. செதுக்கியவர் பேர்பெற்ற கலைஞர். யார் வைத்திருந்தார்கள் என்பதுதான் தெரியாது. இன்னொன்றில் அலங்காரம் ஏதும் இல்லை, ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவந்த சாதாரணச் சரக்கு. ஆனால் அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று உறுதியாகத் தெரியும். எதை எடுப்பது?

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று எப்போதும் வந்து நிற்கும். வேலைப்பாடும் இருக்கும், பெரிய மனிதர் ஒருவரின் பெயரும் சொல்லப்படும், அந்தப் பெயரைத் துப்பாக்கியோடு கட்டிவைக்கும் காகிதம் மட்டும் இருக்காது. விற்பவர்கள் வாய் ஓயாமல் பேசுவது இதைப் பற்றித்தான். வாங்குபவர்கள் பணத்தை விடுவதும் இதில்தான்.

செதுக்கலுக்கு எவ்வளவு, வரலாற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. வெவ்வேறு மனிதர்களின் துப்பாக்கிகளை ஒப்பிட்டால் விலை வித்தியாசம் பெயரால் வந்ததா, வேலைப்பாட்டால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே மனிதரிடமிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் 26ஆவது குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வைத்திருந்த ரிவால்வர்களில் மூன்று, நமக்காகவே பிரித்து வைத்ததைப்போல மூன்று விதமாக இருக்கின்றன. பெயர் ஒன்றுதான், மற்ற எல்லாமே வேறு.

ஒரு மனிதர், மூன்று ரிவால்வர்கள்

முதலாவது, 1883-ல் கோல்ட் (Colt) நிறுவனம் செய்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ஏழரை அங்குலக் குழல். செதுக்கியவர் நியூயார்க்கில் தொழில் செய்த லூயி டேனியல் நிம்ஷ்கே. தந்தக் கைப்பிடியின் ஒரு பக்கத்தில் ரூஸ்வெல்ட்டின் பெயரின் முதலெழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன, மறு பக்கத்தில் காட்டெருமைத் தலை. அந்த 1883-ல்தான் ரூஸ்வெல்ட் காட்டெருமை வேட்டைக்காக முதன்முதலில் டகோட்டா பிரதேசத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், தாயும் மனைவியும் இறந்தார்கள். அதன் பிறகு நியூயார்க்கை விட்டு விலகி டகோட்டாவில் மாட்டுப் பண்ணை நடத்தப் போய்விட்டார். இது அந்தப் பண்ணைக் காலத்துத் துப்பாக்கி. இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஆட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் நியூ மாடல் எண் 3. தோட்டா அளவு .38, ஆலையிலேயே செதுக்கப்பட்டது, முத்துச்சிப்பிக் கைப்பிடி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையிலிருந்து அது அனுப்பப்பட்ட நாள் 1898 மே 12. ஸ்பெயினுக்கு எதிரான போருக்குத் திரட்டப்பட்ட ‘ரஃப் ரைடர்ஸ்’ குதிரைப்படையில் சேர ரூஸ்வெல்ட் சான் ஆன்டோனியோவுக்குப் புறப்பட்டதும் அதே நாள். எனவே அது அவரோடு கியூபாவுக்குப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. படுக்கை அருகே வைத்திருந்த தற்காப்புத் துப்பாக்கி என்றே கருதப்படுகிறது. பின்னாளில் தன் அந்தரங்கப் பணியாளர் ஜேம்ஸ் ஏமோஸிடம் அதைக் கொடுத்தார். ஏமோஸ் சாதாரண மனிதரல்லர். ரூஸ்வெல்ட்டின் மறைவுக்குப் பின் இன்றைய எஃப்.பி.ஐ.யின் முன்னோடியான புலனாய்வுத் துறையில் சேர்ந்து, அதன் தொடக்ககாலக் கறுப்பின அதிகாரிகளுள் ஒருவராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். 2022 டிசம்பரில் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் இந்த ரிவால்வர் 9,10,625 டாலருக்குப் போனது.

மூன்றாவதை எந்தச் சேகரிப்பாளரும் முதலில் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். கடற்படைக்காக மொத்தமாகச் செய்த .38 கோல்ட். கொடியும் இல்லை, தந்தமும் இல்லை. 1898 பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது; 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட ரிவால்வர் இது. கடற்படை அதிகாரியாக இருந்த மைத்துனர் வில்லியம் கௌல்ஸ் மூலம் ரூஸ்வெல்ட் கைக்கு வந்தது. 1898 ஜூலை 1 அன்று கியூபாவின் சான் ஹுவான் குன்றுகளில் ஏறியபோது அவர் இடுப்பில் இருந்தது இதுதான். அன்று இதனால் ஓர் எதிரிப் படைவீரனைச் சுட்டதாக அவரே எழுதியிருக்கிறார். உலோகத்தில் இரண்டு வாசகங்கள் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன: ஒன்று, மூழ்கிய மெய்ன் கப்பலிலிருந்து எடுத்தது என்று, மற்றது, 1898 ஜூலை 1, சான் ஹுவானில் கர்னல் ரூஸ்வெல்ட் ஏந்திப் பயன்படுத்தியது என்று. நியூயார்க் மாநிலத்தின் ஆய்ஸ்டர் பே ஊரில் அவர் வாழ்ந்த சகமோர் ஹில் இல்லம் இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். துப்பாக்கி அங்கே இருக்கிறது.

மூன்றையும் மேசைமேல் வைத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் கை முதலாவதன் பக்கம்தான் போகும். அழகு அப்படி. ஆனால் மெய்ன் கப்பலின் கோல்ட் ஒரு நாள் ஏலத்துக்கு வருமானால் (அரசுடைமை என்பதால் வரப்போவதில்லை) ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெற்ற விலையை அது வெகு தொலைவில் விட்டுவிடும் என்பது என் கணிப்பு. அலங்காரத் துப்பாக்கி ரூஸ்வெல்ட் யாராகத் தோன்ற விரும்பினார் என்பதைக் காட்டுகிறது. மொட்டைத் துப்பாக்கி அவர் ஒரு நாள் பிற்பகலில் என்ன செய்தார் என்பதைக் காட்டுகிறது. அந்தப் பிற்பகலின் புகழ்தான் அவரை அதே ஆண்டு நியூயார்க் ஆளுநராக்கியது. மூன்றே ஆண்டுகளில் வெள்ளை மாளிகைக்கும் போய்விட்டார்.

இது வெறும் கணிப்பு அல்ல என்பதற்கு ஏலக்கூடத்திலேயே சாட்சி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பான்ஹாம்ஸ் நிறுவனம் ஒரு கோல்ட் ரிவால்வரை 60,30,313 டாலருக்கு விற்றது. ஏலத்தில் துப்பாக்கி ஒன்று அதுவரை கண்டிராத விலை. அந்த ரிவால்வரில் ஒரு கோடு வேலைப்பாடுகூடக் கிடையாது. 1881 ஜூலை 14 இரவு நியூமெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில், பில்லி த கிட் என்ற 21 வயதுக் கொள்ளைக்காரனை ஷெரீஃப் பாட் காரெட் சுட்டுக் கொன்றது அந்தத் துப்பாக்கியால். விலை அவ்வளவுக்கும் காரணம் அந்த ஒரு தோட்டா.

காரெட்டின் துப்பாக்கிக்குக் காகிதம் எங்கிருந்து வந்தது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘இதுதான் அந்தத் துப்பாக்கி’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இதை மட்டும் ஏன் நம்பினார்கள்?

நிலம் வாங்கும்போது நாம் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கச் சான்று எடுக்கிறோம், நடுவில் ஒரு கைமாற்றம் விட்டுப்போயிருந்தால் வழக்கறிஞர் கையெழுத்துப் போட மறுக்கிறார். துப்பாக்கிக்கும் அதே கணக்குத்தான். காரெட் அந்தக் கோல்ட்டைக் கடையில் வாங்கவில்லை. 1880 டிசம்பரில் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லி கும்பலை வளைத்துப் பிடித்தபோது, கும்பலில் ஒருவனான பில்லி வில்சனிடமிருந்து எடுத்தார். ஏழு மாதத்துக்குப் பின் அதே துப்பாக்கியால் சுட்டார். பிற்காலத்தில் அதை எல் பாசோ நகரில் ஒரு மதுக்கூட உரிமையாளரிடம் காட்சிக்கு வைக்கக் கொடுத்தார். 1908-ல் காரெட்டும் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி மதுக்கூடத்திலேயே இருந்துவிட்டது. அந்த உரிமையாளரும் இறந்த பிறகு, காரெட்டின் மனைவி அப்போலினாரியா அது தன் குடும்பச் சொத்து என்று வழக்குத் தொடுத்து, 1934-ல் வென்று திரும்பப் பெற்றார். பிறகு பல பத்தாண்டுகள் குடும்பத்தில் இருந்து, சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், அங்கிருந்து ஏலத்துக்கு வந்தது.

அந்தக் கைம்பெண்ணுக்கு அந்த வழக்கு எவ்வளவு அலைச்சலாக இருந்திருக்கும். கணவர் போய் கால் நூற்றாண்டு ஆன பிறகு, பிறர் வைத்திருந்த பொருளுக்காக நீதிமன்றப் படியேறினார். அவர் அன்று போட்ட வழக்குத்தான் இன்று அந்தத் துப்பாக்கியின் மிக வலுவான பத்திரம். எதிர்த்தரப்பு ஒன்று இருந்து, நீதிபதி ஒருவர் விசாரித்து, ‘இது இன்னாருடையது’ என்று எழுதிய தீர்ப்பைவிட எந்த நிபுணரின் சான்றிதழும் பெரிதல்ல. வில்சனிடமிருந்து எடுத்தது முதல் மதுக்கூடம், நீதிமன்றம், குடும்பம், சேகரிப்பாளர் என்று எந்தக் கண்ணியும் விட்டுப்போகவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் அதே மேற்குப் பகுதியில்தான் இருக்கிறது. கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் சட்டக் காவலராகப் பேர்பெற்ற பேட் மாஸ்டர்சன் பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்தார். அவருடைய துப்பாக்கி வேண்டும் என்று நச்சரிப்பவர்களுக்கு, அடகுக் கடையில் பழைய கோல்ட் ஒன்றை வாங்கி, கைப்பிடியில் கத்தியால் சில வெட்டுகள் (ஒவ்வொன்றும் கொன்ற ஓர் ஆளின் கணக்கு என்று நம்பவைக்க) போட்டுத் தந்துவிடுவார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் தாயாரைப் பற்றியும் இதே மாதிரிக் கதை உண்டு. இவை முழுக்க உண்மையோ இல்லையோ, வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்: புகழ்பெற்றவர் தன் கையாலேயே கொடுத்த துப்பாக்கியாக இருந்தாலும், அது அவர் பயன்படுத்திய துப்பாக்கி ஆகிவிடாது.

அதே மாஸ்டர்சன் விஷயத்தில் கல்வெட்டுப்போல நிற்கும் சான்றும் இருக்கிறது. 1885 ஜூலை 24 அன்று, டாட்ஜ் சிட்டி மதுக்கூடம் ஒன்றின் பெயர் அச்சிட்ட தாளில், கோல்ட் நிறுவனத்துக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. .45 அளவில், நிக்கல் முலாம் பூசி, குறுகிய குழலோடு, விசை இலகுவாக இயங்கும்படி, முன் குறிமுனை (குறிபார்க்கக் குழல் முனையில் உள்ள மேடு) வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிப்பாகவும் ஒரு ரிவால்வர் வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை ஆலைப் பேரேட்டோடு ஒப்பிட்டு, பேரேட்டில் உள்ள வரிசை எண்ணைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டு, அந்த முன் குறிமுனையைத் தடவிப் பார்த்தால் போதும். தொழில் தெரிந்த ஒருவன் இரும்பில் என்ன எதிர்பார்த்தான் என்பது நமக்கு முன்னால் வந்துவிடுகிறது. கைப்பிடியில் எத்தனை வெட்டு இருந்தால் என்ன, அது இந்தக் கடிதத்துக்கு ஈடாகாது.

ஆலைக் கடிதம் சொல்வதும் சொல்லாததும்

கோல்ட் நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி வரிசை எண்ணைக் கொடுத்தால், பேரேட்டைப் பார்த்து ஒரு கடிதம் தருவார்கள். தோட்டா அளவு, குழல் நீளம், மேற்பூச்சு, கைப்பிடி வகை, செதுக்கல் இருந்ததா இல்லையா, எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது, அந்தச் சரக்கில் எத்தனை துப்பாக்கிகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. சேகரிப்பாளர்கள் இதைச் சுருக்கமாக ‘ஆலைக் கடிதம்’ என்கிறார்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான துப்பாக்கிகள் ஆலையிலிருந்து மொத்த வணிகருக்குப் போயின. நியூயார்க்கின் ஹார்ட்லி அண்ட் கிரஹாம் போன்ற நிறுவனங்களுக்கு. அங்கிருந்து யார் வாங்கினார் என்பது ஆலைக்குத் தெரியாது. எனவே ஆலைக் கடிதம் துப்பாக்கியை உறுதிசெய்யும்; மனிதரை உறுதிசெய்வது அபூர்வம். ‘ஆலைக் கடிதத்தோடு கூடிய இன்னார் துப்பாக்கி’ என்று விளம்பரம் வந்தால், கடிதத்தில் அந்த இன்னார் பெயர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல நேரம் கடையின் பெயர்தான் இருக்கும்.

ஆலையும் மனிதரும் மிக நெருங்கி வரும் நல்ல உதாரணம் ஜெனரல் ஜார்ஜ் பாட்டனின் தந்தக் கைப்பிடிக் கோல்ட். ஆலையில் குனோ ஹெல்ஃப்ரிக்ட் காலத்துச் செதுக்கலோடு 1916 மார்ச்சில் எல் பாசோ கடைக்கு அனுப்பப்பட்டது; அதே மாதம் இளம் அதிகாரியான பாட்டன் அதை அங்கே வாங்கினார். இரண்டு மாதத்தில், மே 14 அன்று, மெக்சிகோவில் கிளர்ச்சித் தலைவர் பான்சோ வில்லாவின் தளபதி ஹூலியோ கார்தெனாஸ் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சண்டையில் அது பாட்டன் கையில் இருந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் அவர் இடுப்பில் அதை எத்தனையோ முறை பார்க்கலாம். பேரேடு, கடை, கை, புகைப்படம் என்று இடைவெளியே இல்லாத வரிசை. செதுக்கலும் வரலாறும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திக்கொள்ளும் இத்தகைய துப்பாக்கிகள் விற்பனைக்கு வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதியும் பின்னாள் குடியரசுத் தலைவருமான உலிசிஸ் கிராண்டின் ஜோடி ரெமிங்டன் ரிவால்வர்கள் இருக்கின்றன. நிம்ஷ்கே செதுக்கியவை, தந்தக் கைப்பிடியில் கிராண்டின் முகமே வடிக்கப்பட்டவை. 2022 மே மாதத்தில் 51,70,000 டாலருக்குப் போயின.

பேரேடு எல்லாக் காலத்துக்கும் கிடைக்காது. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் ஆலையின் பெரும் பகுதி எரிந்து போனது. உலோகத் தோட்டா வருவதற்கு முன், மருந்தையும் குண்டையும் தனித்தனியாக இட்ட காலத்து ரிவால்வர்களின் பதிவுகளில் மிகுதி இன்று இல்லை. எனவே கோல்ட்டின் 1851 நேவி மாதிரி போன்ற ஒன்றுக்கு ‘ஆலைச் செதுக்கல்’ என்று சொன்னால், அதைக் காகிதத்தால் அல்ல, கண்ணால்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கண்ணால் முடிவுசெய்வது எப்படி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆலையில் செதுக்கும்போது இரும்பு இன்னும் மென்மையாக இருக்கும். இறுக்கிப் பதப்படுத்துவதும், நீலம் ஏற்றுவதும், முலாம் பூசுவதும் அதற்குப் பிறகு. அதனால் செதுக்கிய பள்ளத்தின் அடிவரை மேற்பூச்சு இறங்கியிருக்கும். பின்னாளில் யாரோ செதுக்கியிருந்தால், பழைய பூச்சை அறுத்துக்கொண்டு உளி போன தடம் தெரியும். அதை மறைக்க வேண்டுமானால் முழுத் துப்பாக்கியையும் தேய்த்து மறுபடி பூச வேண்டும். தேய்த்தால் வேறு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்: கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கும், திருகாணித் துளைகளின் ஓரம் சரியும், வரிசை எண்ணும் ஆலை முகவரியும் ஆழம் குறைந்து நிற்கும். கொடியின் ஒரு சுருள் வரிசை எண்ணின் மேலேயே ஏறிப் போயிருந்தால் வேறு விளக்கமே வேண்டாம். ஆலைக் கலைஞன் அந்த எழுத்துகளுக்கு இடம் விட்டுத்தான் கொடியை ஓடவிடுவான்.

லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது முதலில் சுருளைப் பார்க்கக் கூடாது, சுருள்களுக்கு இடையே உள்ள பின்னணியைப் பார்க்க வேண்டும். நல்ல வேலையில் அந்தப் பின்னணி முழுவதும் நுண்ணிய புள்ளி உளியால் தட்டப்பட்டிருக்கும். புள்ளிகள் ஒரே ஆழம், ஒரே நெருக்கம். அவற்றுக்கு மேலே இலை மடிந்து எழும் இடத்தில், உளி ஒரே இழுப்பில் போய், முடியும்போது மெல்ல மேலேறியிருக்கும். போலி வேலையில் சுருள்கள் நன்றாக இருக்கலாம். பின்னணியில் பொறுமை தீர்ந்துபோயிருக்கும். ஒரு மூலையில் புள்ளிகள் நெருங்கி, இன்னொரு மூலையில் கலைந்து கிடக்கும்.

கோல்ட்டின் பெரிய செதுக்கலாளர்களில் பலர் ஜெர்மன் வழியினர். குஸ்தாவ் யங் பிரஷியாவிலிருந்து வந்தவர். 1850களிலும் 60களிலும் கோல்ட்டுக்கு வேலை செய்து, பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குப் போனார். துருக்கி சுல்தானுக்கும் ரஷ்ய ஜாருக்கும் சாமுவேல் கோல்ட் பரிசளித்த, தங்கம் பதித்த ரிவால்வர்கள் அவருடைய பட்டறை மரபைச் சேர்ந்தவை. ஹெல்ஃப்ரிக்ட் 1871 முதல் 1921 வரை அரை நூற்றாண்டு கோல்ட்டின் செதுக்குப் பணியை நடத்தினார். நிம்ஷ்கே ஆலைக்கு வெளியே இருந்தவர். ஆலையிலிருந்து பதப்படுத்தாமல், பூச்சில்லாமல் நியூயார்க் வணிகருக்குப் போகும் துப்பாக்கிகள் அவரைப் போன்றோரிடம் வேலைக்கு வரும். இது வாங்குபவருக்கு முக்கியம். ஆலைக் கடிதத்தில் ‘செதுக்கல்’ என்ற குறிப்பே இல்லாமல், பூச்சில்லா நிலையில் அனுப்பியதாக மட்டும் இருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். அதுவே நியூயார்க் செதுக்கலுக்கான நல்ல அறிகுறி.

நிம்ஷ்கே இன்னொரு காரியமும் செய்தார். முடித்த வேலைகளிலிருந்து மை ஒற்றி எடுத்த பிரதிகளை ஒரு புத்தகத்தில் சேர்த்துக்கொண்டே வந்தார். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் அது அச்சில் வந்தது. இன்று ஒரு ரிவால்வரை அந்த ஒற்றுகளோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்க முடிகிறது. தன் வேலையைத் தானே பதிவுசெய்து வைத்த ஒரு தொழிலாளியால், நூறாண்டு கழித்து எத்தனை பேருக்குத் தெளிவு கிடைக்கிறது!

என் தேர்வு

கோடிக்கணக்கில் செலவழிக்க முடிந்தவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை; அவர் காரெட்டின் கோல்ட்டையே வாங்கிக்கொள்ளட்டும். அமெரிக்காவில் வாழ்ந்து, பல ஆண்டு சேமிப்பில் ஒரே ஒரு நல்ல ரிவால்வர் வாங்க நினைப்பவருக்குத்தான் இது சிக்கலான முடிவு. அவருக்கு நான் தயங்காமல் சொல்வேன்: செதுக்கல் உண்மை என்று பேரேடும் கண்ணும் சேர்ந்து சொல்லும், உரிமையாளர் பெயர் தெரியாத ரிவால்வரை வாங்குங்கள்.

ஏனென்றால் அதன் மதிப்பு இரும்பிலேயே இருக்கிறது. நாளை யாரோ ஓர் ஆய்வாளர் புதிய ஆவணம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினால், பெயருக்காகக் கொடுத்த பணம் ஒரே நாளில் போய்விடும். கொடிக்கருக்கு எங்கும் போகாது. அதோடு, உரிமையாளர் தெரியாத துப்பாக்கியிலும் ஒரு மனிதரை நமக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது: உளி பிடித்தவரை. வைத்திருந்தவர் ஒருவேளை அதை ஒருமுறைகூடச் சுட்டிருக்க மாட்டார். செதுக்கியவரோ நாள் கணக்கில் அதன்மேல் குனிந்து இருந்திருக்கிறார்.

அலங்காரமில்லாத, ஆனால் வரலாறு உறுதியான துப்பாக்கி கைக்கெட்டும் விலையில் வந்தால் அதை எடுக்கலாம், மெய்ன் கப்பலின் கோல்ட் காட்டுவதைப்போல அதற்கு வேறு எதுவும் ஈடில்லை. நிபந்தனை ஒன்றே: வரிசை எண்ணோடு சேர்த்து உரிமையாளர் பெயர் எழுதப்பட்ட ஆவணம், அவர் வாழ்ந்த காலத்தையோ அவர் வாரிசுகளின் காலத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். கடிதம், உயில், காவல் நிலையப் பதிவு, வழக்குத் தீர்ப்பு, எதுவானாலும் சரி. ‘எங்கள் தாத்தா சொன்னார்’ என்று பேரன் அறுபது வயதில் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் வரிசை எண் இருந்தாலும், அது இன்றைய பேச்சுத்தான்.

செதுக்கலும் பெயரும் இருந்து காகிதம் இல்லாததற்கு, செதுக்கலின் விலையை மட்டும் கொடுங்கள். பெயர் இலவசமாக வந்தால் வரட்டும். துப்பாக்கியின் மேலேயே உரிமையாளர் பெயர் பொறித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வாசகம் பொறிக்க அரை நாள் போதும். அதை 1880-லும் செய்யலாம், 1980-லும் செய்யலாம். சுற்றியுள்ள கொடி அந்தப் பெயருக்கு முன்கூட்டியே இடம் விட்டு வளைந்திருக்கிறதா, அல்லது வெறுமையாக இருந்த இடத்தில் பெயர் திணிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திருட்டுச் சொத்தா என்பதையும் பார்த்தாக வேண்டும். மெய்ன் கப்பலின் கோல்ட்டே 1990-ல் சகமோர் ஹில்லின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து காணாமல் போனது. பதினாறு ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் எஃப்.பி.ஐ. மீட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதுவரை ஃபுளோரிடாவில் ஒரு வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. நடுவில் யாராவது நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் ஒரு சல்லி திரும்பியிருக்காது. அருங்காட்சியகச் சொத்துக்கு இடையில் வந்தவர் எவரும் உரிமையாளராக முடியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள். கூட்டரசின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். ரூஸ்வெல்ட்டின் மூன்றும் இந்த எல்லைக்குள் வருகின்றன, பாட்டனுடையது வராது. தந்தக் கைப்பிடி இருந்தால் இன்னொரு தலைவலி. 2016 ஜூலையில் வந்த விதி ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கும், 200 கிராமுக்குக் குறைவான தந்தம் உள்ள பொருள்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் நிபந்தனைகளை நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் இன்னும் கடுமை. ஒரே தரத்தில் இரண்டு கிடைத்தால் முத்துச்சிப்பிக் கைப்பிடி உள்ளதை எடுப்பது விற்கும்போது நிம்மதி தரும். இந்தியாவில் தந்த வணிகத்துக்கு இடமே இல்லை. துப்பாக்கியைப் பொறுத்தவரை, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டுமே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. மற்றதற்கெல்லாம் உரிமம் தேவை.

பேரம் முடிவதற்கு முன்பே ஆலைக் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. கட்டணம் துப்பாக்கியின் விலையில் மிகச் சிறிய பங்குதான். பதில் வர நாளாகலாம். ‘அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆள் தயாராக இருக்கிறார்’ என்று விற்பவர் சொன்னால், அந்த வேறு ஆளுக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.